சேற்றின் கணக்கு



சேறு என்றதும் நம் நினைவுக்கு வருவது மாற்றார் வாரி வீசும் சேறுதான். மேடைதோறும் வாங்கிப் பழகிவிட்டோம். துடைத்துக்கொண்டு நடக்கவும் பழகிவிட்டோம். இந்த ஞாயிறன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தச் சேறன்று. துறைமுகத்தின் அடியிலே, கப்பலின் வயிற்றுக்குக் கீழே, இரவென்றும் பகலென்றும் பாராமல் படிந்துகொண்டேயிருக்கும் மெய்யான சேறு. கருமை படர்ந்தது, முடைநாற்றம் வீசுவது, அள்ளினால் விரலிடுக்கில் வழிந்தோடுவது. அந்தச் சேற்றிலே சிமெண்டைக் கலந்து, கல்லாக இறுகவைத்து, அதன்மேல் சாலை போடுகிறார்கள், கடைவீதி கட்டுகிறார்கள், விமானம் வந்து இறங்கும் திடலே அமைக்கிறார்கள்!

"பொறியாளர் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம், கட்சித் தொண்டனுக்கு இதிலே என்ன வேலை?" என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள். கேட்டுவிட்டு, அமெரிக்க நாட்டு நியூயார்க் துறைமுகத்தின் கதையைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். பிறகு சொல்லுங்கள், இது பொறியாளர் காரியம் மட்டுந்தானா என்று.

உலகின் பெருந்துறைமுகங்களில் ஒன்று அது. ஆனால் இயற்கையிலே ஆழம் மிக்கதன்று. ஆற்று வண்டல் வந்து படியும் கழிமுகம். தன் போக்கில் விட்டால் பெரும்பாலான இடங்களில் இருபது அடி ஆழங்கூடத் தேறாது. இன்றைய சரக்குக் கப்பலோ ஐம்பது அடி கேட்கிறது. ஆகவே வாருகிறார்கள், வாரிய இடத்திலே மறுபடி படிகிறது, மறுபடியும் வாருகிறார்கள். வாரியதை எங்கே போடுவது? கடல்தான் கேட்பாரற்றுக் கிடக்கிறதே! சாண்டி ஹூக் முனைக்கு அப்பால் சுமார் ஆறு மைல் தொலைவில் ஓர் இடத்தைக் குறித்து, அதற்குச் 'சேறு கொட்டுமிடம்' என்றே பெயரும் சூட்டி, ஆண்டாண்டுக் காலமாகக் கொட்டி வந்தார்கள். கூச்சமில்லாத பெயர். அந்த ஒளிவுமறைவின்மையை மட்டும் பாராட்டலாம்.

வெறும் மண்ணாக இருந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். அது வெறும் மண்ணன்று.

துறைமுகத்தோடு வந்து கலக்கும் ஆறுகளில் ஒன்று பசேயிக். அதன் கரையிலே, நியூ ஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரில், டயமண்ட் அல்கலி என்றொரு நிறுவனம் இரசாயனத் தொழிற்சாலை நடத்தி வந்தது. 1951 முதல் 1969 வரை அங்கே களைக்கொல்லி மருந்துகள் காய்ச்சப்பட்டன. எதற்கான களைக்கொல்லி என்று எண்ணுகிறீர்கள்? வயலுக்கு மட்டுமா? வியட்நாம் நாட்டுக் காடுகளின்மேல் விமானத்திலிருந்து தெளித்து, மரங்களை மொட்டையாக்கி, மக்களின் உடலையும் தலைமுறையையும் பாழாக்கிய 'ஏஜெண்ட் ஆரஞ்சு' என்ற நஞ்சுக் கலவையின் ஒரு பகுதி அங்கே பிறந்ததுதான். அதைக் காய்ச்சும்போது வேண்டாத விருந்தாளியாக உடன் பிறப்பது டயாக்சின். இம்மியளவே போதும், உயிருக்கு ஊறு செய்ய. அது ஆற்றிலே இறங்கிற்று; சேற்றோடு ஒட்டிற்று; ஏற்றவற்றத்தோடு நியூவார்க் வளைகுடாவுக்குச் சென்று துறைமுகத்தின் அடியிலே படுத்துக்கொண்டது. கண்காணாத நாட்டு உழவனுக்கென்று காய்ச்சிய நஞ்சு, காய்ச்சிய ஊரின் ஆற்றையும் விட்டுவைக்கவில்லை!

1983இல் ஆய்வாளர்கள் அந்த ஆலை நிலத்திலே டயாக்சினைக் கண்டனர். மாநில ஆளுநர் தாமஸ் கீன் நெருக்கடி நிலையை அறிவித்தார். மறு ஆண்டு, நாட்டிலேயே மிகக் கேடுற்ற இடங்களின் பட்டியலில் அது ஏறிற்று. அந்த வளைகுடாவில் நீல நண்டு பிடிப்பதே தடை செய்யப்பட்டது. தடைப் பலகையை நட்டுவிட்டால் போதுமா? வேலையற்றவனும், மொழி தெரியாமல் புதிதாக வந்து குடியேறியவனும் பிடித்துத் தின்னும் நண்டல்லவா அது! பலகை பசியைத் தீர்க்குமா?

இப்போது இன்னொரு காட்சி. 1990களின் தொடக்கம். துறைமுகத்திலே சேறு ஏறிவிட்டது, கப்பல்கள் தட்டுகின்றன. தூர்வார அனுமதி கேட்டது துறைமுக நிருவாகம். "நஞ்சு கலந்த சேற்றைக் கடலில் கொட்டாதே!" என்று மீனவர்களும் கடற்காவல் இயக்கத்தாரும் எழுந்தனர், 1993இல் வழக்குமன்றம் ஏறினர். "வாராவிட்டால் கப்பல் வராது, கப்பல் வராவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது!" என்று துறைமுகத் தொழிலாளர் பக்கத்திலிருந்து குரல் எழுந்தது. இரண்டு பக்கமும் உழைப்பவன். இரண்டு பக்கமும் நியாயம். கடலை நம்பியவன் ஒருபுறம், கப்பலை நம்பியவன் மறுபுறம். ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நஞ்சைக் கலந்தவன் எங்கே? அவன் இந்தக் காட்சியிலேயே இல்லை! இதுதான், தோழர்களே, நான் இந்தக் கதையைச் சொல்ல வந்ததன் காரணம்.

1996 ஜூலையில் ஓர் உடன்பாடு பிறந்தது. 1997 செப்டம்பர் முதல் நாளோடு அந்தச் சேறு கொட்டுமிடம் மூடப்படும் என்று அமெரிக்க அரசு அறிவித்தது, அவ்வாறே மூடிற்று. மீனவனுக்கு வெற்றி. ஆனால் சேறு? அறிவிப்புக் கேட்டு அது படியாமல் நின்றுவிடுமா? சிறிதளவைத் தொலைதூர யூட்டா மாநிலத்துப் புதைகுழிக்கு ரயிலேற்றி அனுப்பிப் பார்த்த கூத்தும் நடந்தது. ஒரு கன கெஜத்துக்கு நூறு டாலருக்கு மேல் செலவாயிற்று. அந்த விலைக்குச் சேறு வார எந்தக் கருவூலமும் தாங்காது. அந்த நிலையிலேதான் சிமெண்ட் மூட்டை அரங்கேறிற்று.

அந்தச் சிமெண்ட் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புரியாத பேச்சைக் காட்டித்தான் மக்களை ஒதுக்கி வைப்பார்கள்.

கடற்சேற்றில் மண்ணுக்கு ஈடாக நீர் நிற்கும்; சில இடங்களில் மண்ணைவிட நீரே மிகுதி. களிமண் துகள்கள் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய தகடுகள். நீரைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கின்றன. வெயிலில் காயவைக்கலாம், பரந்த நிலமும் நெடுங்காலமும் வேண்டும். சிமெண்டைக் கலந்தாலோ, அது அந்த நீரையே குடிக்கிறது. குடித்து, சுண்ணாம்புச் சத்தும் சிலிக்காவும் சேர்ந்த ஒருவகைப் பசையாகி, துகளோடு துகளைப் பிணைக்கிறது. அந்த வினையிலே சுண்ணாம்பும் வெளிப்படுகிறது. சேறு முழுவதும் கடுங்காரமாகிறது. அந்தக் காரம் களிமண்ணையே மெல்ல அரித்து, அதிலுள்ள சிலிக்காவையும் அலுமினாவையும் கரைத்தெடுத்து, மேலும் பசையாக்குகிறது. முதல் வினை நாட்கணக்கில் முடியும். இரண்டாவது மாதக்கணக்கில் நடக்கும். புதுமை என்று மலைக்க வேண்டாம். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை எதனால் நிற்கிறது? சுண்ணாம்பும், சுட்ட செங்கற்பொடியாகிய சுர்க்கியும் கூடிய கூட்டாலன்றோ! அதன் நெருங்கிய உறவுதான் இது.

ஆனால் சேற்றுக்குச் சேறு குணம் வேறு. மக்கிப்போன இலையும் உயிர்ப்பொருளும் மிகுந்த சேற்றில் சிமெண்ட் இறுகத் தயங்கும். கடல்நீரின் சல்பேட்டு உப்பு, சிமெண்டோடு கூடி ஊசி ஊசியான படிகங்களை வளர்க்கும். அளவு மீறினால் இறுகிய மண்ணே உப்பி வெடிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் இரும்பு உலைக் கசடைப் பொடித்துச் சேர்ப்பது பயன் தரும். ஆகவே, ஓரிடத்துக்குப் பொருந்திய அளவு வேறிடத்துக்குப் பொருந்தாது. ஒவ்வொரு சேற்றையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும். சோதனைக்குக் காலமாகும், காசாகும். ஒப்பந்தக்காரர்களுக்கு முதலில் கசப்பது இதுதான்.

நியூ ஜெர்சியில் சோதித்தார்கள். எலிசபெத் நகரிலே, பழைய குப்பைமேட்டின்மேல், ரட்கர்ஸ் பல்கலைக் கழகப் பேராசிரியர் அலி மாஹர் குழுவினர் சிமெண்ட் கலந்த சேற்றைக் கொண்டு சாலைக் கரைகளை எழுப்பி அளந்து பார்த்தனர். நூற்றுக்கு எட்டு பங்கு சிமெண்ட். இன்னொன்றில் அதனோடு நிலக்கரிச் சாம்பலும். கரை நின்றது. அதே குப்பைமேட்டுப் பகுதியிலே ஜெர்சி கார்டன்ஸ் என்னும் மாபெரும் கடைத்தொகுதி 1999 அக்டோபரில் திறக்கப்பட்டது; கடலில் கொட்டத் தகாதென்று ஒதுக்கிய சேறு, சிமெண்டோடு இறுகி, அதன் வண்டி நிறுத்துமிடங்களுக்கு அடித்தளமாயிற்று. பென்சில்வேனியா மாநிலத்தில், கைவிடப்பட்டு அமில நீர் கசியவிட்டுக் கிடந்த நிலக்கரிச் சுரங்கம் ஒன்றையும் இதே சேற்றால், சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து நிரப்பினார்கள். ஒரு தொழில் விட்ட புண்ணை இன்னொரு தொழிலின் கழிவு ஆற்றிற்று!

ஜப்பானியரோ இதைப் பேருருவிலே செய்து காட்டினர். நகோயா துறைமுகத்தில் வாரிய சேற்றைக் குழாயிலே செலுத்தி, அழுத்தக் காற்றை உள்ளே விட்டால், சேறு கட்டிகட்டியாகப் பிரிந்து குழாயில் பாயும். பாயும் வேகத்திலே உள்ளுக்குள் புரளும். அந்தப் புரட்டலிலே சிமெண்டைச் சேர்த்தால் கலக்கும் இயந்திரமே வேண்டியதில்லை. குழாயே கலவை இயந்திரம். இவ்வாறு சுமார் 80 லட்சம் கன மீட்டர் சேற்றை இறுகச் செய்து, இசே வளைகுடாவில் செயற்கைத் தீவெழுப்பும் பணியிலே பயன்படுத்தினர். அந்தத் தீவின்மேல் 2005 பிப்ரவரியில் மத்திய ஜப்பான் விமான நிலையம் திறக்கப்பட்டது. அறிவின் ஆற்றலை யார் மறுப்பார்? நான் மறுக்கவில்லை. மலையை உடைத்துக் கொணரும் கல்லுக்கும், ஆற்றைச் சுரண்டும் மணலுக்கும் மாற்றாக, வேண்டாமென்று கொட்டிய சேறே பயன்படுமானால் அதை வரவேற்பதே முறை.

வரவேற்கும்போதே ஒன்றை மறக்கக் கூடாது. சிமெண்ட் நஞ்சைக் கொல்வதில்லை, கட்டிப்போடுகிறது. டயாக்சின் நீரிலே மிகக் குறைவாகவே கரையும். சேற்றுத் துகளோடு ஒட்டியே கிடக்கும். துகள் இறுகினால் அதுவும் இறுகிக் கிடக்கும். ஆனால் சிதைவதில்லை. உலோக நஞ்சுகளில் பலவற்றைக் காரம் அடக்கிவைக்கும். ஈயமோ இரட்டைப் போக்குடையது; காரம் அளவுக்கு மிஞ்சினால் மறுபடி கரையத் தொடங்கும். கடற்சேற்றிலே காரம் ஏறும்போது அம்மோனியா ஆவி கிளம்பும். அதை மூச்சிலே வாங்குபவன் கலவைத் தொழிலாளி. ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும். அரிபடுவதும் அவன் கைதான். இறுகிய தரை பல பத்தாண்டு வெயிலையும் மழையையும் தாங்க வேண்டும். தாங்குகிறதா என்று பார்க்க, கடைத்தொகுதியின் உரிமையாளர் மாறினாலும் மாறாத ஒரு கண் வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது நமக்குத் தெரியும். முழு நஞ்சைச் சிமெண்டில் மறைத்துவிட்டு, 'தீர்ந்தது கணக்கு' என்று கைகழுவுவதும் அதே வித்தைதான்.

தீர்ந்ததா கணக்கு? பணத்தைப் பாருங்கள். 1996 நவம்பரில் நியூ ஜெர்சி வாக்காளர்கள் முப்பது கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தனர். துறைமுகத்தைத் தூர்வாருவதும், கேடுற்ற நிலங்களைத் துப்புரவாக்குவதும் அதன் நோக்கங்கள். அதாவது, மக்கள் தங்கள் பெயரில் கடன் எழுதிக் கொடுத்தார்கள். நஞ்சைக் காய்ச்சிய நிறுவனம் இதற்கிடையே கைமாறிற்று, பெயர் மாறிற்று. 1986இல் அதன் இரசாயனப் பகுதி ஆக்சிடெண்டல் குழுமத்திடம் போயிற்று. 2016 மார்ச்சில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம், பசேயிக் ஆற்றின் கடைசி 8.3 மைலுக்குத் தீர்வு அறிவித்தது: 35 லட்சம் கன கெஜம் சேற்றை வார வேண்டும், செலவு 138 கோடி டாலர். அறிவித்து மூன்றே மாதம். பழைய கடப்பாட்டைச் சுமந்திருந்த மாக்சஸ் என்ற நிறுவனம் திவால் மனு கொடுத்துவிட்டது! ஆக்சிடெண்டல் நிறுவனமோ 2018இல் நூற்றுக்கும் மேற்பட்ட பிற நிறுவனங்களை வழக்குக்கு இழுத்தது. எண்பதுக்கும் மேற்பட்டவை சேர்ந்து 15 கோடி டாலர் தந்து ஒதுங்கிக்கொள்ளும் உடன்பாட்டை 2024 டிசம்பரில் நீதிமன்றம் ஏற்றது. ஆலையில் கடைசிக் கலம் களைக்கொல்லி இறங்கி ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு!

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 35 லட்சம் கன கெஜத்தைக் கடைத்தொகுதிக்கு அடியிலே போடச் சொல்லவில்லை. நீரைப் பிழிந்து, உரிமம் பெற்ற புதைகுழிகளுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். நஞ்சு ஓரளவுக்கு மேற்பட்டால் இறுகவைத்துப் பயன்படுத்தும் பேச்சுக்கே இடமில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் இதற்குப் பொருள். எந்தச் சேறு சாலைக்கு, எந்தச் சேறு புதைகுழிக்கு என்று பிரிக்கும் கோடுதான் இதிலே உயிர்நாடி. அந்தக் கோட்டைக் கிழிப்பது சோதனைத் தாள். அந்தத் தாளை யார் எழுதுகிறார், யார் படிக்கிறார் என்பது அரசியல்.

"நியூயார்க் எங்கே, எண்ணூர் எங்கே?" என்பீர்கள். தொலைவு அதிகமில்லை. 2023 ஜூனில் இந்திய அரசு, துறைமுகங்களில் தூர்வாரும் பணியைக் கண்காணிக்க 'சாகர் சம்ருத்தி' என்ற முறையைத் தொடங்கிற்று. அதை உருவாக்கியது சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த துறைமுகத் தொழில்நுட்ப மையம். கழிவிலிருந்து செல்வம் என்பது அதையொட்டி முழங்கிய முழக்கம். நல்ல முழக்கந்தான். அப்படியானால் வாரிய மண்ணைக் கொட்டிவிடாமல் பயன்படுத்தும் பேச்சு நம் கரையிலும் வரப்போகிறது; வரட்டும். வரும்போது நாம் ஆயத்தமாக இருக்க வேண்டாமா?

நம் கரையிலே இருவகை மண் உண்டு. ஒன்று, கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே ஊர்ந்து செல்லும் மணல். சென்னைத் துறைமுகத்தின் கற்கரைகள் எழுந்த பிறகு அது தெற்கே தேங்கி மெரினாவை அகலமாக்கிற்று. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரையைக் கடல் தின்றது. இந்த மணலுக்குச் சிமெண்ட் எதற்கு? தின்னப்பட்ட கரைக்கே கொண்டுபோய்க் கொட்டினால் மீனவன் வாசல் மிஞ்சும். சிமெண்ட் வேண்டியது இரண்டாவது வகையாகிய களிச்சேற்றுக்கு மட்டுமே. அந்தச் சிமெண்டும் வானத்திலிருந்து விழுவதில்லை. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு அதன் சூளைகளிலிருந்து எழுவது. அனல் மின்நிலையச் சாம்பலையும் உலைக் கசடையும் கொண்டு சிமெண்டைக் குறைக்கலாம். சாம்பலுக்கு நம்மிடம் பஞ்சமா? எண்ணூர்க் கழிவெளியிலே, கொசஸ்தலையாற்றின் படுகையிலே, குழாய் உடைந்தும் குட்டை கசிந்தும் அது படிந்து கிடக்கிறதே. வலையை இழுக்கும் மீனவன் மீனோடு சாம்பலையும் சேர்த்தன்றோ இழுக்கிறான்!

ஆனால் அந்தச் சாம்பலையும் அந்தச் சேற்றையும் கலந்து கல்லாக்குவதற்கு முன்னால், அவற்றில் என்னென்ன இருக்கிறது என்று அளந்த தாள் வேண்டும். அளந்தவர் ஒப்பந்தக்காரரின் ஆளாக இருக்கக் கூடாது. நஞ்சு இருந்தால் அது எந்த ஆலையின் நஞ்சு என்று, கலக்குமுன் எழுதிவைக்க வேண்டும். கலந்தபின் தேடினால் கிடைக்காது. செலவு யார் தலையில் என்பதும் அப்போதே முடிவாக வேண்டும். ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து அல்ல.

இதைக் கேட்கும் இடமும் உண்டு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி, துறைமுகத்தைப் புதிதாக ஆழப்படுத்தவோ விரிவாக்கவோ அனுமதி கேட்டால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவது பொதுவிதி. முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். பராமரிப்புத் தூர்வாருதலுக்கோ, முதல் அனுமதியிலேயே அது அடங்கியிருந்தால், தனி அனுமதி தேவையில்லை. ஆகவே, ஆண்டுதோறும் வாரப்போகும் சேற்றைப் பற்றியும் கேட்பதற்கு அந்த ஒரு கூட்டந்தான் வாய்ப்பு. அதைத் தவறவிட்டால் பிறகு ஆண்டுக்காண்டு கப்பல் வரும், வாரும், போகும். நம்மை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் கடலூரிலும் கரையோரக் கிளைகளில் உள்ள தோழர்கள், அறிவிப்பு வந்த அன்றே தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். சேற்றுச் சோதனை முடிவுகள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்திலே கேளுங்கள். துறைமுகத் தொழிலாளியையும் மீனவனையும் ஒரே வண்டியிலே அழைத்துச் செல்லுங்கள். தனித்தனியாகப் போனால் நியூயார்க் கதைதான். கூட்டத்தின் முடிவிலே, பேசப்பட்டவற்றின் குறிப்பை மக்கள் மொழியிலே வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதை வாசித்து முடிக்கும்வரை ஒருவரும் பந்தலைவிட்டு எழுந்து போக வேண்டாம்.